புத்தகக் கடைக்காரரிடம் கேளுங்கள்

(கும்பகோணத்தில் மாமனாருக்குப் பின் குடும்பத்தின் புத்தகக் கடையைப் பல ஆண்டுகள் நடத்தியவர், வாசகர் கேள்விகளுக்கு எழுதும் பதில்கள்)

அமெரிக்காவில் ஏப்ரல் மாதம் சிறிய புத்தகக் கடைகளுக்கென்றே ஒரு நாள் கொண்டாடுகிறார்களாமே? என் மகன் சியாட்டிலில் இருந்து படம் அனுப்பினான். காலையிலேயே கடை வாசலில் வரிசை! நம் ஊரில் அப்படி ஏதாவது உண்டா?
*ஓய்வு பெற்ற ஆசிரியை, திருவாரூர்*

ஆமாம் அம்மா. 2014-இல் கலிபோர்னியாவில் மட்டும் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஏப்ரல் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை அது. ஊர் ஊராகக் கிளை போட்ட பெரிய நிறுவனங்கள் இதில் சேராது. ஒரு குடும்பமோ நாலு நண்பர்களோ சொந்தமாக நடத்தும் கடைகளுக்கான நாள். அன்றைக்கென்றே சில சிறப்புப் பதிப்புகள், அச்சுப் படங்கள், துணிப்பைகள் எல்லாம் தயாராகும். கடைக்கு நேரில் போனால்தான் கிடைக்கும். உங்கள் மகன் இருக்கும் சியாட்டிலில் பாஸ்போர்ட் என்று ஒரு சிறு அட்டை கொடுப்பார்கள். கடை கடையாகப் போய் முத்திரை குத்தி வாங்கி, அட்டையை நிரப்பியவர்களுக்குத் தள்ளுபடி உண்டு. அந்த வரிசை அதற்காகத்தான் இருக்கும்.

ஸ்பெயினில் பார்சிலோனா பக்கம் இது இன்னும் பழைய வழக்கம். ஏப்ரல் 23 அன்று தெருவெல்லாம் புத்தக மேசை போட்டு, ரோஜாவும் புத்தகமும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். அதே தேதியைத்தான் யுனெஸ்கோ 1995-இல் உலகப் புத்தக தினமாக அறிவித்தது.

நம்மிடம் இருப்பது புத்தகக் கண்காட்சி. சென்னையில் 1977 முதல் நடக்கிறது. நெய்வேலி, ஈரோடு என்று பரவி, இப்போது மாவட்டந்தோறும் வந்துவிட்டது. உண்டியலில் காசு சேர்த்துக்கொண்டு வரும் பிள்ளைகளை அங்கே பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கும். ஆனால் கண்காட்சியில் விற்பது பெரும்பாலும் பதிப்பகங்கள்தாம். உள்ளூர்க் கடைக்கு அந்தப் பத்து நாளும் கல்லா காய்ந்து கிடக்கும். அடுத்த மாதமும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே கண்காட்சியோடு இன்னொன்றும் வேண்டும் என்பது என் ஆசை. ஏப்ரல் 23 அன்று ஒவ்வொரு ஊரிலும், அந்த ஊர்க் கடைக்கு, வீட்டுக்கு ஒருவராவது போக வேண்டும். நீங்கள் ஆசிரியை. பழைய மாணவர்களுக்குச் சொன்னால் கேட்பார்கள்.

கண்காட்சியில் 10 சதவீதம் தள்ளுபடி. ஆன்லைனில் சில நேரம் அதற்கு மேலும். எங்கள் ஊர்க் கடையில் கேட்டால் முகம் சுளிக்கிறார். நான் ஏன் அங்கே வாங்க வேண்டும்?
*வங்கி ஊழியர், மதுரை*

கணக்குத் தெரிந்தவர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். 300 ரூபாய் புத்தகம் ஒன்று. பதிப்பகம் கடைக்குப் பெரும்பாலும் 30 சதவீதம் கழிவு தரும். மொத்தமாக எடுத்து ரொக்கம் கொடுத்தால் 35 வரை போகும். முப்பது என்றே வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு நிற்பது 90 ரூபாய். பார்சல் கூலி, வாடகை, கரண்ட் பில், உதவிக்கு இருக்கும் பெண்ணின் சம்பளம் எல்லாம் அந்தத் தொண்ணூறில்தான். விற்காமல் அலமாரியில் நின்று பழுப்பேறும் புத்தகத்தின் முதலையும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். உங்களுக்கு 10 சதவீதம் விட்டுக்கொடுத்தால் 30 ரூபாய் போய்விடும். உங்களுக்கு அது விலையில் பத்தில் ஒரு பங்கு. கடைக்காரருக்கோ வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு.

கண்காட்சியில் பதிப்பகமே நேரடியாக விற்பதால் கடைக்குத் தர வேண்டிய கழிவு அவர்கள் கையில் நிற்கிறது. அதிலிருந்து பத்து கொடுக்க முடிகிறது. ஆன்லைனிலோ சில புத்தகங்கள் நாங்கள் கொள்முதல் செய்யும் விலைக்கே கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் போட்டியில் சிறிய கடை இறங்கவே முடியாது.

சரி, உங்களுக்கு என்ன கிடைக்கிறது? நின்று நாலு பக்கம் படித்துவிட்டு எடுக்கலாம். வீட்டில் போய்ப் பிரித்தால் நடுவில் ஒரு பாரம் (பல பக்கங்களைச் சேர்த்து அச்சிட்டு மடித்த ஒரு தாள்) தலைகீழாகத் தைத்திருக்கிறது, பதினாறு பக்கமும் போச்சு என்றால், மறுநாளே கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். போன தடவை வாங்கியது பிடித்ததா என்று கேட்டுவிட்டு, "அப்படியானால் இது வேண்டாம், இதை எடுங்கள்" என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். முகம் சுளித்தவரிடம் ஒருமுறை முழு விலை கொடுத்து, கொஞ்ச நேரம் பேசிப் பாருங்களேன்.

புதுப் புத்தகம் பற்றி ஜனவரியில் படிக்கிறேன். எங்கள் ஊர்க் கடைக்கு அது வருவதற்குள் சித்திரை பிறந்துவிடுகிறது. ஏன்?
*வாசகர், பட்டுக்கோட்டை*

தமிழில் புதிய புத்தகங்களில் பெரும்பகுதி சென்னைக் கண்காட்சியை ஒட்டியே வெளியாகின்றன. டிசம்பர், ஜனவரியில் பதிப்பகத்தில் இருப்பவர்கள் அச்சகத்துக்கும் அரங்குக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். வெளியூர்க் கடைக்குப் பார்சல் கட்ட ஆள் இருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. முன்பு 1,000, 1,200 பிரதி என்று அடித்தவர்கள் இப்போது 300, 500 என்று அச்சிடுகிறார்கள். கேட்கக் கேட்க நூறு நூறாக அடிப்பவர்களும் இருக்கிறார்கள். முதல் அச்சு கண்காட்சியிலேயே தீர்ந்துவிட்டால் உங்கள் கடைக்காரர் மறு அச்சுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு வழி உங்கள் கையில் இருக்கிறது. டிசம்பரிலேயே கடையில் போய்ப் பெயர் சொல்லி வையுங்கள். முடிந்தால் கொஞ்சம் முன்பணமும் கொடுங்கள். ஒரு புத்தகத்தை நம்பி கடைக்காரர் ஒரு பிரதிதான் எடுப்பார். மூன்று பேர் சொல்லிவைத்தால் ஐந்து எடுப்பார். அந்த இரண்டு கூடுதல் பிரதிகள் அலமாரியில் நிற்கும்போதுதான் யாரோ ஒரு புது ஆள் கையில் எடுத்துப் பார்க்கிறார்.

மகள் கல்யாணம் ஆவணியில். தாம்பூலப் பையில் தேங்காயோடு புத்தகமும் வைக்க ஆசை. 400 பை. ஒரு புத்தகத்துக்கு 60 ரூபாய் வரை செலவழிக்கலாம்.
*பெண்ணின் தாய், சிதம்பரம்*

முதலில் வாழ்த்துகள்! பெரும்பாலோர் 400 பைக்கும் ஒரே கையடக்கத் திருக்குறளைப் போட்டுவிடுவார்கள். குறள் எல்லோர் வீட்டிலும் ஏற்கெனவே இரண்டு மூன்று இருக்கிறது. நான் கல்யாணத்துக்குப் புத்தகம் கட்டிக்கொடுத்த வீடுகளில் சொன்ன யோசனை இதுதான்: பைக்குள் போடாதீர்கள். பந்தி முடிந்து வெளியே வரும் வழியில் மேசை போட்டுப் பரப்பி வையுங்கள். சிறுகதை, சமையல், பாரதியார் பாட்டு, ஊர் வரலாறு, குழந்தைகளுக்குப் படக்கதை எனப் பலவும் இருக்கட்டும். ஆளுக்கு ஒன்று, அவரவர் விருப்பம். தானே தேர்ந்தெடுத்த புத்தகத்தை ஒருவர் மண்டபத்து நாற்காலியில் விட்டுவிட்டுப் போவது குறைவு. உங்கள் விலைக்கு நேஷனல் புக் டிரஸ்ட் போன்றவற்றின் மெல்லிய நூல்கள் கிடைக்கும். பதிப்பகங்களின் சிறு வெளியீடுகளும் உண்டு.

மணமக்கள் பெயரை அட்டையில் அச்சிட வேண்டாம். தனியாக ஒரு புத்தகக் குறி அச்சடித்து உள்ளே செருகிவிடுங்கள். வேறு யார் கைக்குப் போனாலும் அது புத்தகமாகவே இருக்கும். இரண்டு மாதம் முன்னாடி ஊர்க் கடையில் சொல்லிவிடுங்கள். இவ்வளவு பெரிய ஆர்டருக்குத் தள்ளுபடி கேட்பது நியாயம், தாராளமாகக் கேளுங்கள்.

புத்தகக் கடை என்று உள்ளே போனால் பாரதி மீசை போட்ட காபிக் கோப்பை, டீ-ஷர்ட், சாவிக்கொத்து! வருத்தமாக இருக்கிறது.
*வாசகர், சென்னை*

ஐயா, அந்தக் கோப்பையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். டெல்டாப் பக்கத்துக் கடைகள் பலவும் ஜூன் மாத நோட்டுப் புத்தகத்திலும் கைடிலும்தான் பிழைத்தன. எங்கள் கடையில் கவிதை அலமாரிக்கு வாடகை கட்டியது ஜியாமெட்ரி பாக்ஸ். இன்றைக்கு அந்த இடத்தில் கோப்பையும் துணிப்பையும் நிற்கின்றன. ஒரு கல்லூரிப் பெண் பாரதி படம் போட்ட பைக்காக உள்ளே வந்து, பாரதி கவிதைகளோடு வெளியே போவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் பரிசுப் பொருளிலும் தரம் பார்க்க வேண்டும் என்பேன். பனையோலையில் முடைந்த புத்தகக் குறி, பத்தமடைக் கோரையில் செய்த உறை, கைத்தறித் துணி ஒட்டிய குறிப்பேடு இவையெல்லாம் நம் ஊர்க் கைகள் செய்தவை. "இது இன்னாருடைய நூலகம்" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து கொடுத்துப் பாருங்கள். படிக்கிற பிள்ளைக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. புத்தகமே கைவினையாக இருக்க வேண்டும் என்றால் திருவான்மியூரில் தாரா புக்ஸ் இருக்கிறது. கோண்ட் பழங்குடி ஓவியர்களின் படங்களைக் கையால் செய்த தாளில், ஒவ்வொரு நிறமாகத் திரை அச்சில் பதித்து, கையால் தைக்கிறார்கள். விலை கூடுதல்தான். ஒரு பக்கத்தைத் தடவிப் பார்த்தால் மை மேலெழும்பி நிற்பது விரலுக்குத் தெரியும்.

அப்பாவுக்கு எழுபதுக்கு மேல். பார்வை மங்கல். பொன்னியின் செல்வனைத் திரும்பப் படிக்க வேண்டும் என்கிறார். கடையில் ஏழெட்டுப் பதிப்பு, ஏழெட்டு விலை. எதை வாங்குவது?
*மகள், கோவை*

கல்கியின் எழுத்துகள் அரசுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அதனால்தான் இத்தனை பதிப்பு. ஐந்து பாகத்தையும் ஒரே கனத்த புத்தகமாகக் கட்டியதை வாங்கவே வாங்காதீர்கள். பெரியவர் மடியில் வைத்துப் படிக்க முடியாது. பாகம் பாகமாகத் தனித்தனியே இருப்பதை எடுங்கள். எழுத்தின் அளவு, வரிக்கும் வரிக்கும் உள்ள இடைவெளி, தாள் கண் கூசாமல் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். நடுவில் ஏதாவது இரண்டு பக்கம் பிரித்து அச்சுப் பிழை எண்ணுங்கள். "சுருக்கப் பதிப்பு" என்று சின்ன எழுத்தில் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். கோவை என்றால் ராஜ வீதி விஜயா பதிப்பகத்துக்கு அப்பாவையே அழைத்துப் போங்கள். அவர் கண்ணுக்கு எது ஒத்துவருகிறது என்று அவரே சொல்லட்டும்.

எங்கள் ஊர்க் கடைகளைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள்.
*வாசகி, யாழ்ப்பாணம்*

ஒரு வரியில் அடங்காது தங்கச்சி. 1981-இல் யாழ் நூலகம் எரிந்ததை உலகமே அறியும். அந்த நாள்களில் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. அவர்கள் மறுபடி அலமாரி அடித்து, மறுபடி புத்தகம் அடுக்கினார்கள். கொழும்பிலும் கடை போட்டார்கள். ஒரு பார்சல் மழையில் நனைந்தால் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்காது. கடை முழுவதும் சாம்பலான பிறகு மறுநாள் எழுந்து நின்ற அந்த மனிதர்களை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. தமிழ்நாட்டு வாசகர்கள் அந்தப் பக்கம் பயணம் போனால், அங்கே வெளியாகும் சிறிய பதிப்புகளைத் தேடி வாங்கி வாருங்கள். இங்கே அவை லேசில் கிடைப்பதில்லை.

கையில் ஐந்து லட்சம் இருக்கிறது. சொந்த ஊரில் புத்தகக் கடை வைக்கலாமா?
*இளைஞர், பெரம்பலூர்*

வையுங்கள் தம்பி. பாதிப் பணத்துக்கு மேல் புத்தகத்தில் போடாதீர்கள். ஒரு வருட வாடகையைத் தனியாக எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் காசு கொடுத்து எடுக்க வேண்டியதில்லை. விற்ற பின் பணம் என்ற ஏற்பாட்டுக்குச் சில பதிப்பகங்கள் ஒத்துக்கொள்ளும். சொன்ன தேதியில் அவர்களுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். ஒரு தடவை தள்ளிப்போனால் அடுத்த பார்சல் வராது, அதுவும் ஜனவரியில் நிச்சயம் வராது.

கடை தரைத்தளத்தில் இருக்கட்டும், ஆனால் சுவரில் ஈரம் ஏறக் கூடாது. அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். புத்தகத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சி வந்தால் ஒரு மழைக்காலத்தில் பாதிச் சரக்கு போய்விடும். உட்கார ஒரு பெஞ்சு கட்டாயம். வருகிறவர் பெயர், அவர் வாங்கியது, கேட்டுக் கிடைக்காதது மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். என் மாமனார் எழுதி வைத்த நோட்டுதான் கடை என் கைக்கு வந்தபோது எனக்குப் பாடமாக இருந்தது. யார் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள், யார் வரலாறு மட்டும் படிப்பார் என்று எல்லாம் அதில் இருந்தது. பரிசு வாங்க வந்து திகைத்து நிற்பவருக்கு அந்த நோட்டைப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பேன். எந்த இணையதளமும் உங்கள் ஊரை அந்த அளவுக்கு அறிந்திருக்காது.

அப்புறம், ஜூனில் நோட்டு, பேனா விற்கத் தயங்க வேண்டாம்.

மகள் வெளியூர் விடுதியில் படிக்கிறாள். கூரியர் செலவு புத்தக விலையைத் தொடுகிறது. வேறு வழி?
*வாசகி, அரியலூர்*

தபால் நிலையத்தில் கேளுங்கள். முன்பு இருந்த புத்தகத் தபால் சேவையை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது நாங்கள் எல்லோரும் கலங்கிப்போனோம். 2025 மே முதல் தேதியில் 'ஞான் போஸ்ட்' என்ற பெயரில் ஒன்று வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ என்றால் 100 ரூபாய், வரி தனி என்று தொடங்கினார்கள். தரைவழியாகப் போவதால் சில நாள் கூடுதலாகும். பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். புத்தகத்தை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன் மேல் அட்டை வைத்துக் கட்டுங்கள். நாலு மூலையும் மடங்காமல் போக வேண்டும். ஊர்க் கடையில் வாங்கினால் அவர்களே கட்டி அனுப்பியும் விடுவார்கள். கட்டுவதற்கு முன் முதல் பக்கத்தில் உங்கள் கையால் மகளுக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள்.