8 கோர்ல கடைசில ஒண்ணு மட்டும் ஓடுது, 16 கோர் வாங்கினா சரியாகுமா?

அவசரப்பட்டு வாங்காதீங்க. காரைக்குடில பழைய கணக்குப் புத்தக ஸ்கேன்களை ப்ராசஸ் பண்றதாவும், கடைசில ஏழு கோர் (ப்ராசசருக்குள்ள தனித்தனியா வேலை செய்ற பகுதி) சும்மா கிடக்க ஒண்ணு மட்டும் ரொம்ப நேரம் ஓடுதுன்னும் எழுதியிருக்கீங்க, அப்படின்னா பெரிய ஃபைல் ஏதோ வரிசையில கடைசியா வந்து மாட்டுதுன்னுதான் தோணுது.

2 கோர்னு வச்சுக்கோங்க. ஒரு நிமிஷ வேலை 8, எட்டு நிமிஷ வேலை 1. சின்னதை முதல்ல விட்டா 4 நிமிஷத்துல எல்லாம் முடியும், அப்புறம் பெரியது தனியா 8 நிமிஷம், மொத்தம் 12. பெரியதை முதல்ல ஏத்தினா 8லயே முடிஞ்சிரும்! மெஷினும் அதேதான், வேலையும் அதேதான். ரொனால்ட் கிரஹாம்னு ஒரு கணித மேதை, ஒண்ணையொண்ணு சார்ந்திருக்காத வேலைகளைப் பெரியதுலேருந்து எடுத்துக் குடுத்தா, இருக்கிறதுலயே நல்ல நேரத்தை விட 4/3 மடங்குக்கு மேல போகாதுன்னு 1969ல நிரூபிச்சுட்டார். வேலைகளுக்குள்ள இது முடிஞ்சாத்தான் அதுங்கிற முன்பின் இருந்தா கோரைக் கூட்டினதாலயே நேரம் கூடுற உதாரணமும் அவர் காட்டியிருக்கார், அதனாலதான் வாங்காதீங்கன்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

அந்த முன்பின் விஷயத்தையும் பாத்துக்கோங்க. ஆத்தங்குடி தரைக்கல்லுப் பட்டறைல கண்ணாடி மேல அச்சு வச்சு கலர் ஊத்த எத்தனை பேரை வேணா போடலாம், ஆனா கல்லு தண்ணித் தொட்டில ஊறுற நாளை ஆளைக் கூட்டிக் குறைக்க முடியாதுல்ல, அதே மாதிரி ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்ததுன்னு போற நீளமான சங்கிலிதான் மொத்த நேரத்துக்கும் அடிமட்டம், அதுக்குக் கீழ எந்த ஷெட்யூலராலயும் (வேலையை கோர்களுக்குப் பிரிச்சுக் குடுக்கிற புரோகிராம்) இறக்க முடியாது.

எந்த ஃபைல் எவ்வளவு நேரம் எடுக்கும்னு முன்கூட்டி தெரியலன்னா ஒர்க் ஸ்டீலிங்னு ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசை, தன்னோடது காலியானா இன்னொரு கோரோட வரிசையோட மறுமுனைலேருந்து ஒரு வேலையை எடுத்துக்கும். எம்ஐடியோட சில்க்ங்கிற புரோகிராமிங் மொழில இதுதான், ஜாவா மொழில ஃபோர்க்-ஜாயின் பூல், ரஸ்ட் மொழில ரேயான் எல்லாம் இதே வழிதான். நீங்க ஓப்பன்எம்பி-ல (வேலையைப் பல கோருக்குப் பிரிச்சு ஓட்ட உதவுற வசதி) எழுதியிருந்தா ஷெட்யூலை ஸ்டாட்டிக்லேருந்து (முன்னாடியே பங்கு போட்டுடுறது) டைனமிக்குக்கு (காலியான கோருக்கு அப்பப்போ குடுக்கிறது) மாத்துங்க, ஃபைல்களை சைஸ் வாரியா பெரியதுலேருந்து அடுக்குங்க. அப்பவும் கடைசில ஒரு ஃபைல்ல நின்னா அந்த ஃபைலையே பக்கம் பக்கமா உடைச்சு தனித்தனி டாஸ்க்கா (வேலைத் துண்டா) விடுங்க, ரொம்பப் பொடியா உடைச்சுராதீங்க, டாஸ்க் கைமாத்துற செலவே வேலையை முழுங்கிரும்.