சொப்பு லேத்தில் பெரிய தாம்பாளம் கடையலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் சொப்பு சாமான் கடைகிறோம். கல்யாணச் சீருக்கு 16 அங்குல மரத் தாம்பாளம் கேட்கிறார்கள். பலகையை மாட்டி ஓட்டினால் லேத்தே அதிர்கிறது. என்ன செய்வது?

பதில்: அதிர்கிற லேத்தில் உளியை வைக்காதீர்கள். முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

சொப்புக்குச் சரியாக இருக்கிற வேகம் தாம்பாளத்துக்கு ஆபத்து. நிமிடத்துக்கு 1,440 சுற்றில் 2 அங்குலச் சொப்பின் மேற்புறம் மணிக்கு 14 கி.மீ. வேகத்தில்தான் ஓடுகிறது. அதே சுற்றில் 16 அங்குலப் பலகையின் விளிம்பு 110 கி.மீ. வேகத்தில் சுழலும். மதுரை நாலுவழிச் சாலையில் போகிற பஸ்ஸை விட வேகம்! அந்தக் கட்டை கழன்று வந்தால் தடுக்க ஒன்றும் கிடையாது.

கடைசல்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு இது: அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் நடுவில் வர வேண்டும். 16 அங்குலத்துக்கு 375 முதல் 560 சுற்று. மோட்டார் 1,440 என்றால், அதில் இரண்டரை அங்குலப் புல்லியும் லேத்தில் 8 அங்குலப் புல்லியும் போட்டால் 450 கிடைக்கும். கோணல்மாணலான பலகையை இதைவிட மெதுவாகத் தொடங்குவது நல்லது. மாட்டுவதற்கு முன்பே வட்டமாக அறுத்துவிட்டால் பாதி அதிர்வு போய்விடும்.

லேத்தின் சுழலும் மையத்திலிருந்து படுகை (அடியில் நீளமாக இருக்கும் தளம்) வரை 8 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த ஆர்டர் உங்கள் லேத்துக்கு இல்லை. ஹெட்ஸ்டாக்குக்கு (மரத்தைச் சுழற்றும் தலைப்பகுதி) அடியில் கட்டை கொடுத்து உயர்த்த வேண்டாம்.

அப்புறம் பிடிப்பு. பலகையை பேஸ்பிளேட்டில் (லேத்தில் மாட்டும் வட்டத் தகடு) மரத்துக்குப் போடும் தடிமனான ஸ்குரூக்களால் இறுக்குங்கள். ஒரு அங்குலமாவது மரத்துக்குள் போக வேண்டும். ஜிப்சம் போர்டுக்கு அடிக்கும் கறுப்பு ஸ்குரூ வேண்டவே வேண்டாம், அதன் தலை சட்டென்று முறியும். குழிக்கப் போகிற முகத்தில் ஸ்குரூ போட்டு முதலில் அடிப்புறத்தைக் கடைந்தால், துளைகள் பின்னால் குழியோடு போய்விடும். முடிந்தவரை டெயில்ஸ்டாக்கும் (எதிர்முனையிலிருந்து தாங்கும் பகுதி) முட்டுக் கொடுத்தபடி இருக்கட்டும். விரிசலோ ஆடுகிற கணுவோ உள்ள பலகையை விறகுக்குப் போடுங்கள்.

சுவிட்சைப் போடுவதற்கு முன் கையால் ஒரு சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று பாருங்கள். போடும்போது விளிம்புக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். டூல் ரெஸ்ட்டை (உளியைத் தாங்கும் சட்டம்) லேத் நின்ற பிறகே நகர்த்துங்கள். முகம் முழுவதும் மறைக்கும் கவசம் கட்டாயம், கண்ணாடி மட்டும் போதாது. தோளில் துண்டு, கையில் கயிறு, மோதிரம் எதுவும் ஆகாது.

பலகையில் இழை குறுக்காகப் போவதால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உளி இழையின் முனையில் மோதும். அதனால் உருண்டைக் கம்பியிலேயே வடித்த, கிண்ணம் கடைகிற உளிதான் வேண்டும். பிடிக்குள் போகிற வால் மெலிந்த உளி அந்த அடியில் ஒடிந்துவிடும். நடுப்பகுதி தடிமனாக இருக்கும்போதே விளிம்பை முடித்துவிடுங்கள். நடுவைக் குழித்த பிறகு விளிம்பு துடிக்கும், அங்கே திரும்ப உளி வைத்தால் மரம் உளியைக் கவ்விக்கொள்ளும்.

உப்புத்தாள் போடும்போது மரம் கீழே இறங்குகிற, உங்கள் பக்கத்துப் பாதியில் மட்டும் கை வையுங்கள். விளிம்பில் விரல் படக்கூடாது.

இதையெல்லாம் செய்துவிட்டு, முதலில் ஒரு 10 அங்குலத் தட்டைக் கடைந்து பாருங்கள். அதற்கு 600 சுற்று போதும்.