26ஆம் திகதி அருவி பார்க்கப் போவதா?

அன்பின் ஆலோசகருக்கு,

எனக்கு வயது 61. முந்தி நாவலடியில் இருந்தோம், சுனாமிக்குப் பிறகு திராய்மடுவில். 2004 டிசம்பர் 26இல் கடைசி மகளைக் கடல் கொண்டுபோனது. மூத்தவன் இப்போது கனடாவில், கல்கரியில் இருக்கிறான். மார்கழிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறான், விசாவும் வந்துவிட்டது. ஆனால் 26ஆம் திகதி தனக்கு லீவு என்று, பான்ஃப் பக்கம் ஜோன்ஸ்டன் கன்யனில் உறைந்த அருவி பார்க்க எல்லாரும் நடந்து போவதாகத் திட்டம் போட்டிருக்கிறான்.

பேரன் வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினான். பாறைச் சுவரோடு ஒட்டிப் போட்ட நடைபாலம், கீழே ஆறு, பாதி பனி, பாதி தண்ணீர். அந்த இரைச்சலைக் கேட்டதும் கை விறைத்து போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். களப்பு எனக்குப் பயமில்லை, கல்லடிப் பாலத்தால் போய்வருகிறேன்தானே. இரைந்து வரும் தண்ணீர்தான் ஆகாது. மருமகள் எனக்கு ஜக்கெட், சப்பாத்து எல்லாம் வாங்கி வைத்துவிட்டாள். வரமாட்டேன் என்றால் பிள்ளைகளின் சந்தோஷம் கெடும். மகனுக்கு அந்த நாளே மறந்துபோனதோ என்றும் மனம் கிடந்து அடிக்கிறது. கேட்க வாய் வரவில்லை.

— ஒரு தாய், மட்டக்களப்பு

அன்புள்ள அம்மா,

அருவியை விடத் திகதிதான் உங்களை வருத்துகிறது என்று நினைக்கிறேன். பறிகொடுத்த நாள் நெருங்கும்போது நித்திரை குழம்புவதும் சின்னச் சத்தத்துக்கே நெஞ்சு படபடப்பதும் எத்தனை வருஷம் போனாலும் வரக்கூடியவை. கரையோரத்து ஆட்கள் பலரிடம் மார்கழி பிறந்தாலே இதைக் காணலாம்.

மகன் மறந்துவிட்டான் என்று நான் முடிவுகட்ட மாட்டேன். தங்கச்சியை இழந்தவன் அவனும்தான். அன்று வீட்டில் சும்மா இருக்க முடியாமல்கூட வெளியே கிளம்பப் பார்க்கலாம். கேட்டால்தான் தெரியும். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகக் கதையுங்கள்: "தம்பி, 26 தங்கச்சியின் நாள். அருவிக்கு இன்னொரு நாள் போவோமா?" அவ்வளவு போதும். "மறந்துவிட்டாயா" என்று தொடங்காதீர்கள், கதை சண்டையில் போய் முடியும்.

இன்னொன்று. நாவலடியில் 26 காலை 9 மணி என்றால் கல்கரியில் 25 இரவு எட்டரை. ஊரில் விளக்கேற்றும் நேரத்தில் நீங்களும் அங்கே ஏற்றலாம், பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி அத்தையைப் பற்றிச் சொல்லலாம். அதற்குப் பிறகு அடுத்த நாள் நடை உங்களுக்குச் சரி என்று பட்டால் போங்கள், படாவிட்டால் விடுங்கள். ஜக்கெட் வீணாகாது, அந்தக் குளிரில் கடைக்குப் போகவும் அது வேண்டும்!

போவதென்றால், உறைந்த அருவியிலும் பனிக்கு உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், சத்தம் குறைவாகக் கேட்கும். அது தெரிந்தே போங்கள். இப்போதிருந்தே அந்த வீடியோவை முதலில் சத்தமில்லாமல், யாராவது பக்கத்தில் இருக்கப் பாருங்கள். பழகியதும் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கீழ் அருவி ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடத்தான், மேல் அருவிக்கு அதைப்போல இரண்டு மடங்கு. கீழ் அருவியை மட்டும் பார்த்துவிட்டு மருமகளோடு திரும்பலாம் என்று முதலே பேசி வையுங்கள். பாதை வழுக்கும், சப்பாத்தின் அடியில் இரும்பு முள் மாட்டாமல் இறங்க வேண்டாம். பதற்றம் வந்தால் கம்பியைப் பிடித்து நின்று மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள்.

பயணத்துக்கு முன்னரே நித்திரை இல்லாமல் போனாலோ, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்தாலோ, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்தும் கதைக்கலாம்.