மடோனாவோட 40 வருஷப் புகழுக்கு காரணம் இசைத் திறமையா, இல்ல சர்ச்சையும் விளம்பரமும் தானா?

திறமைதான். அமெரிக்க பாப் பாடகி மடோனாவோட ரசிகன்ங்கறதால மட்டும் நான் இத சொல்லல, ஹோட்டல்லயும் ரிசார்ட்லயும் சாயங்காலம் பழைய இங்கிலீஷ் பாட்டு வாசிக்கற ஒரு சின்ன பேண்ட்ல கீபோர்ட் வாசிக்கறேன், அவங்க பாட்டை கார்டு கார்டா (கார்டுன்னா சேர்ந்து ஒலிக்கற சுரக் கூட்டம்) பிரிச்சு கத்துக்கிட்டவன்ங்கற முறையிலயும் சொல்றேன்.

மடோனாவ குறை சொல்றவங்க எல்லாரும் முதல்ல பிடிக்கறது குரலைத்தான். அதுல உண்மை இருக்கு. விட்னி ஹூஸ்டன், மரியா கேரி மாதிரி குரல் அவங்களுக்கு கிடையாது, 1983, 84ல வந்த ரெக்கார்டுகள்ல குரல் மெல்லிசா கீச்சுனுதான் இருக்கும், மேடையில டான்ஸ் ஆடிக்கிட்டே பாடறப்ப சுருதி ஆடும். இதெல்லாம் நானும் ஒத்துக்கறேன். ஆனா இசைத் திறமைன்னா குரல் மட்டும்தான்னு யார் சொன்னது? நம்ம சினிமா பாட்டுல பெரும்பாலும் மெட்டு போடறவர் ஒருத்தர், வரி எழுதறவர் ஒருத்தர், பாடறவர் ஒருத்தர், அதனால மைக் முன்னாடி நிக்கற ஆளைப் பாத்தா இவங்க வேலை பாடறது மட்டும்தான்னு நமக்கு தோணிடுது. மடோனாவோட முதல் ஆல்பம் 1983ல வந்துச்சு, அதுல மொத்தம் 8 பாட்டு, அதுல 5 பாட்டு அவங்க தனியா எழுதினது. அப்ப அவங்க யாருன்னே வெளிய தெரியாது, மிச்சிகன்ல காலேஜை விட்டுட்டு டான்ஸ் கத்துக்க 1978ல நியூயார்க் வந்து, ஒரு சின்ன ராக் பேண்ட்ல டிரம்ஸ் வாசிச்சு, கிடார்ல நாலு கார்டு பழகி, அதை வச்சு பாட்டு எழுத ஆரம்பிச்சவங்க. ரேடியோவையே பிடிச்ச 'லக்கி ஸ்டார்' அந்த 5ல ஒண்ணு.

என்னைக் கேட்டா அவங்க திறமைக்கு பெரிய சாட்சி 'லிவ் டு டெல்', 1986ல வந்தது. அதோட இசையை பேட்ரிக் லெனர்டுன்னு ஒரு கீபோர்ட் கலைஞர் ஒரு படத்துக்காக வெறும் வாத்திய இசையா பண்ணியிருந்தார், அந்த படக் கம்பெனி வேண்டாம்னுடுச்சு. மடோனா அதைக் கேட்டுட்டு மேல பாடற மெட்டையும் வரிகளையும் எழுதி, டெமோவுக்காக, அதாவது மாதிரிக்குப் பதிவு பண்ற ரெக்கார்டுக்காக, ஒரு தடவை பாடினாங்க. ஒரே ஒரு தடவை. அந்த டெமோ குரலைத்தான் கடைசி வரைக்கும் வச்சுக்கிட்டாங்க, நம்ம கேக்கற ரெக்கார்டுல இருக்கறது அதுதான். பாட்டு கிட்டத்தட்ட 6 நிமிஷம், நடுவுல எல்லாமே அடங்கி கீழ ஒரு சுரம் மட்டும் நிக்கும், ரேடியோவுக்கு போற பாட்டுல அந்த மாதிரி இடம் விட யாருமே பயப்படுவாங்க, அது அமெரிக்காவுல நம்பர் 1 ஆச்சு. எங்க பேண்ட்ல நல்ல பெரிய குரல் இருக்கற பாடகிங்க இந்த பாட்டை பாடி நான் பாத்திருக்கேன். அவங்க உச்சத்துல இழுத்து பாடினா பாட்டு கெட்டுப்போகுது, ஏன்னா ஒரு ரகசியத்தை உள்ள வச்சுக்கிட்டு பேசற மாதிரி அந்த மெட்டை கீழ் ஸ்தாயிலயே ஓட்டியிருக்காங்க, தன் குரலுக்கு எவ்வளவு தூரம் போக முடியும்னு தெரிஞ்சு அதுக்குள்ளயே இவ்வளவு கனமா ஒரு மெட்டு போடறது சாதாரண விஷயம் இல்ல. இதை எழுதறப்ப அவங்களுக்கு 30 வயசு கூட ஆகல.

'லா இஸ்லா போனிடா' கதையும் இதே மாதிரிதான். எங்க ஆடியன்ஸ் அதிகமா கேக்கற பாட்டு, இங்கிலீஷே தெரியாதவங்க கூட முணுமுணுப்பாங்க. வரி இல்லாத அந்த இசையை முதல்ல மைக்கேல் ஜாக்சனுக்கு குடுத்தாங்க, அவர் எடுத்துக்கல. மடோனா வாங்கி வரி எழுதினாங்க.

சரி, அவங்க எழுதாத பாட்டும் நிறைய இருக்கே, 'லைக் எ வர்ஜின்' அவங்க எழுதினது இல்லையேன்னு கேப்பீங்க. கரெக்ட், பில்லி ஸ்டைன்பெர்க்கும் டாம் கெல்லியும் எழுதினது. ஆனா அந்த ஆல்பத்தோட புரொட்யூசர் நைல் ராட்ஜர்ஸ், டிஸ்கோ காலத்துல ஷீக் பேண்டை நடத்தின பெரிய ஆளு, அவருக்கே முதல்ல அந்த பாட்டு பிடிக்கல. இதுதான் வேணும்னு பிடிவாதமா நின்னது மடோனா. எந்தப் பாட்டு நிக்கும்னு காதுல தெரியறதும் இசைத் திறமைதான், ஸ்டூடியோவுல வேலை பாத்த யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. பின்னாடி 2000ல பிரான்ஸுக்கு வெளிய அதிகம் தெரியாத புரொட்யூசர் மிர்வைஸை கூட்டிட்டு வந்தது, தன்னோட டூர்ல கீபோர்ட் வாசிச்ச ஸ்டூவர்ட் பிரைஸை நம்பி 2005ல ஒரு முழு டான்ஸ் ஆல்பத்தை குடுத்தது, எல்லாம் அதே காதுதான். தங்க ரெக்கார்டுல இருந்து ஒரு துண்டை எடுத்து வேற பாட்டுல சேக்க (சேம்பிள் பண்ண) லேசுல அனுமதி தராத ஸ்வீடன் நாட்டு ஆபா குழுகிட்ட லெட்டர் எழுதி கேட்டு வாங்கி 'ஹங் அப்' பண்ணாங்க, 40 நாட்டுக்கு மேல நம்பர் 1.

இப்ப சர்ச்சைக்கு வரேன். 1989ல 'லைக் எ ப்ரேயர்' வீடியோவுக்கு வாடிகன் வரைக்கும் கண்டனம் வந்துச்சு, பெப்சி மடோனா நடிச்ச தன்னோட விளம்பரத்தை நிறுத்திடுச்சு, பேசின 50 லட்சம் டாலர் அவங்ககிட்டயே இருந்துச்சு. இதைச் சொல்லித்தான் எல்லாமே பப்ளிசிட்டின்னு முடிச்சுடறாங்க. ஆனா அந்த வீடியோவை மறந்துட்டு பாட்டை மட்டும் கேளுங்க, தாளமே இல்லாம குரலும் ஆர்கனும் மட்டும் வர்ற இடத்துல இருந்து ஆந்த்ரே க்ரவுச்சோட காஸ்பல் கோரஸ் (சர்ச்ல பாடற மாதிரி கூட்டுக் குரல்) ஏறுற இடம் வரைக்கும் எப்படி கட்டியிருக்காங்கன்னு தெரியும். அதே ஆல்பத்துல அம்மாவைப் பத்தி ஒரு பாட்டு, அப்பாவைப் பத்தி ஒரு பாட்டு இருக்கு, 5 வயசுல அம்மாவ கேன்சருக்கு பறிகொடுத்தவங்க. அதுல ஒரு துளி பரபரப்பு கிடையாது.

இன்னொண்ணு, சர்ச்சைதான் அவங்களை தூக்கி நிறுத்துச்சுன்னா 1992 தான் உச்சமா இருந்திருக்கணும். 'செக்ஸ்'ங்கற புகைப்படப் புத்தகம், கூடவே 'எராட்டிகா' ஆல்பம், உலகமே அதைத்தான் பேசுச்சு. நடந்தது என்னன்னா ஆல்பம் முந்தினதை விட கம்மியா வித்துச்சு, இதோட இவங்க கதை முடிஞ்சதுன்னு பத்திரிகைகள்ல எழுதினாங்க. அதுல இருந்து அவங்களை மீட்டது பேபிஃபேஸ்ங்கற பாடகர்-இசையமைப்பாளரோட சேந்து எழுதின 'டேக் எ பௌ'ன்னு ஒரு அமைதியான பாட்டு, 1995ல 7 வாரம் நம்பர் 1ல இருந்துச்சு.

அப்புறம் உழைப்பு, இதை யாருமே பேசறதில்ல. 'எவிட்டா' படத்துக்காக, அது கிட்டத்தட்ட முழுக்கவே பாட்டா இருக்கற படம், 35 வயசுக்கு மேல, உலகப் புகழோட இருக்கற நேரத்துல, ஒரு டீச்சர்கிட்ட உக்காந்து மாசக்கணக்குல குரல் பயிற்சி எடுத்தாங்க. அந்த பயிற்சி எங்க தெரியும்னா 1998ல வந்த 'ரே ஆஃப் லைட்' ஆல்பத்துல. அதோட புரொட்யூசர் வில்லியம் ஆர்பிட் அந்த டைட்டில் பாட்டோட சுருதியை அவங்களுக்கு சௌகரியமான இடத்துல இருந்து அரை சுரம் ஏத்தி வச்சார், அந்த எட்டிப் பிடிக்கற தவிப்பு கேக்கணும்னுதான், அவங்களும் பிடிச்சாங்க. 84ல கீச்சுன்னு இருந்த அதே குரலான்னு சந்தேகமே வரும். அதே ஆல்பத்துல 'ஃப்ரோஸன்'ல வயலின்கள் மேல ஒரு இழுப்பும் இல்லாம நேரா நிக்கற குரலை கேளுங்க. அதுவரைக்கும் ஒரு வீடியோவுக்கு மட்டும்தான் அவங்களுக்கு கிராமி (அமெரிக்காவோட பெரிய இசை விருது) கிடைச்சிருந்துச்சு, இந்த ஆல்பம் 4 கிராமி வாங்குச்சு.

அவங்க மேல எனக்கு வருத்தமும் இருக்கு. 'வோக்' பாட்டுல வர்ற டான்ஸ் நியூயார்க் ஹார்லெம்ல கறுப்பின, லத்தீன் தன்பாலின ஈர்ப்பு உள்ள ஆளுங்க வருஷக்கணக்கா வளத்தது, அதுல சில பேரை தன் குழுவுல சேத்துக்கிட்டாங்கதான், இருந்தாலும் உலகம் அதை மடோனா கண்டுபிடிச்சதுன்னு நினைச்சுக்கிச்சு, அந்த பேரு உரியவங்களுக்கு முழுசா போகல. அதே மாதிரி பேட்ரிக் லெனர்ட், ஸ்டீஃபன் ப்ரே, ஷெப் பெட்டிபோன் மாதிரி கூட சேந்து பாட்டு எழுதி, புரொட்யூஸ் பண்ணவங்கள்லாம் இல்லாம அந்த பாட்டுங்க இல்ல. ஆனா இவங்கள்ல யாரும் மடோனா இல்லாம பண்ணது அந்த அளவுக்கு ஜனங்க மனசுல நிக்கலைங்கறதையும் சேத்துத்தான் பாக்கணும்.

புகழ்தான் பாட்டை ஓட வைக்குதுன்னு இன்னும் நினைக்கறவங்க அவங்களோட கடைசி சில ஆல்பங்களை பாருங்க. 2012ல வந்த 'எம்டிஎன்ஏ', 2019ல வந்த 'மேடம் எக்ஸ்' ரெண்டுமே அமெரிக்காவுல முதல் வாரம் நம்பர் 1, கச்சேரி டிக்கெட்டோட சேத்து குடுத்ததும் அதுக்கு ஒரு காரணம், ரெண்டாவது வாரமே விற்பனை சரிஞ்சுடுச்சு. பேரும் பணமும் விளம்பரமும் 1986ஐ விட எத்தனையோ மடங்கு இருந்துச்சு, பாட்டு நிக்கல, எங்க பேண்ட்ல அந்த ரெண்டு ஆல்பத்துல இருந்து ஒரு பாட்டு வாசிங்கன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. 2024 மே மாசம் ரியோவுல கோபகபானா பீச்ல அவங்க இலவசமா பண்ண கச்சேரிக்கு 16 லட்சம் பேர் வந்ததா கணக்கு சொன்னாங்க. அந்த டூர்ல பெரும்பாலும் பாடினது பழைய பாட்டுங்கதான், 'லிவ் டு டெல்'லும் அதுல இருந்துச்சு, எய்ட்ஸ்ல இறந்துபோன தன்னோட நண்பர்கள் படங்களை திரையில காட்டிக்கிட்டே பாடினாங்க.