புரொப்பல்லரைத் தேர்ந்தெடுத்தது யார்?

கேள்வி: உவரியில் பைபர் படகு வைத்து மீன் பிடிக்கிறேன். ஏழு மாதத்துக்கு முன் தூத்துக்குடியில் ஒரு கடையில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு அவுட்போர்டு இன்ஜின் (படகின் பின்புறம் மாட்டுவது) வாங்கினேன். தண்ணீரைத் தள்ளும் விசிறியான புரொப்பல்லரை அவர்களே மாட்டித் தந்தார்கள். முதல் நாளிலிருந்தே இழுவை இல்லை. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 4,200 சுற்றுதான் வருகிறது. இன்ஜினோடு தந்த புத்தகத்தில் 4,500 முதல் 5,500 என்று இருக்கிறது. பிஸ்டன் போய், 22,000 ரூபாய் கைக்காசு போட்டு ஓட்டுகிறேன். "ஓவர்லோடு, வாரண்டி கிடையாது, தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது" என்கிறார் கடைக்காரர்.

பதில்: அவர் கடைசியாகச் சொன்னது வெறும் மிரட்டல். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(7) பிரிவின்படி, சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிய பொருள் 'வணிக நோக்கம்' ஆகாது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர் என்ற தகுதி போகாது என்று 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்களே கடலுக்குப் போகிறவர் என்பதைக் காட்ட மீனவர் அடையாள அட்டை உதவும்.

சரி, ஓவர்லோடு. பளு என்றால் வலையும் ஆளும் மட்டுமல்ல. புரொப்பல்லரின் நடுக்குமிழில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும்: முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச் (ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி எவ்வளவு தூரம் முன்னே போகும் என்பது), இரண்டும் அங்குலக் கணக்கு. பிட்ச் கூடினால், டாப் கியரில் மேடு ஏறும் பைக் மாதிரி இன்ஜின் திணறும். உங்களுடையதில் 11 இருந்து, புத்தகத்தின் அட்டவணை பளு ஏற்றும் படகுக்கு 8 என்று சொன்னால், ஓவர்லோடைக் கடையிலேயே மாட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று நீங்கள் வாதிடலாம்.

அதை நிரூபிக்க ஒரு வேலை செய்யுங்கள். 8 பிட்ச் ஒன்றை இரவல் வாங்கி, அதே ஆட்கள், அதே வலை, காற்றடங்கிய காலைநேரம், முழு வேகம் என்று சுற்றை அளந்து வீடியோ எடுங்கள். ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 150 முதல் 200 சுற்று ஏறும். 4,700 பக்கம் வந்துவிட்டால் கேஸ் கெட்டி. வரவில்லையென்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. நோட்டீஸ் அனுப்பும் முன் நல்ல மெக்கானிக்கைப் பாருங்கள்.

பழைய புரொப்பல்லரை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. எனக்குக் கவலை ஒன்றுதான்: பில்லில் அதன் அளவு இல்லையென்றால், "நீதான் மாற்றினாய்" என்பார்கள். இன்ஜினைப் படகில் ஏற்றிய அன்று பிள்ளைகள் யாராவது போட்டோ எடுத்திருப்பார்கள், போன்களைத் துழாவிப் பாருங்கள். பழுது பார்த்த மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள்; கழற்றிய பிஸ்டனையும் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு கடைக்கும் இன்ஜின் கம்பெனிக்கும் சேர்த்துப் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் கெடு கொடுங்கள். மசியாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் இடம் என்ற வகையில் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். தூத்துக்குடிக்கு அலைய வேண்டாம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை (என் பிழைப்பில் நானே மண் போடுகிறேன்). பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடம் கெடு. 22,000 ரூபாயோடு, கடலுக்குப் போகாத நாட்களுக்கும் கேளுங்கள். ஆனால் முந்தைய மாத மீன் ஏல ரசீதுகளை வைத்துக் கணக்குப் போட்டுக் கேளுங்கள்.