அலங்காரம் என்று யார் சொன்னது?

கேள்வி: கவர்னர் பதவி வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே வெறும் அலங்காரம்தானே, அதற்கு எதற்கு கிண்டியில் அத்தனை பெரிய மாளிகை? (வாசகர், தென்காசி)

பதில்: மாளிகை கிடக்கட்டும். அலங்காரம் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? அலங்காரமாக இருந்திருந்தால், 1776-இல் சென்னை கவர்னர் பிகாட் பிரபுவை அவருடைய கவுன்சில்காரர்களே கைது செய்திருப்பார்களா? ஆற்காடு நவாப் பிடித்து வைத்திருந்த தஞ்சாவூரை மராட்டிய அரசர் துளஜாவிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி லண்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவு, பிகாட் கொடுத்தார். ஆனால் பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் அந்த நவாபுக்குக் கடன் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகத் தஞ்சாவூர் வரிப்பணமும் விளைச்சலும் எனக்குத்தான் என்று நின்றார், கவுன்சிலில் பெரும்பான்மை அவர் பக்கம். ஆகஸ்ட் 24 சாயங்காலம் வண்டியில் போய்க்கொண்டிருந்த கவர்னரை வழிமறித்து இறக்கி, பரங்கிமலையில் காவலில் வைத்தார்கள். அடுத்த மே மாதம், விடுதலை ஆகாமலே செத்துப்போனார். கைது செய்தவர்களில் நான்கு பேருக்கு லண்டனில் தண்டனை கிடைத்தது, தலைக்கு ஆயிரம் பவுண்டு அபராதம். தஞ்சாவூர்க் குடியானவனை இந்தச் சண்டையில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் அதில்தான்.

எலிஹு யேல் நம்ம ஊர் கவர்னர் என்று பெருமைப்படுகிறவர்களோடும் எனக்குப் பழைய தகராறு உண்டு. பதவியை வைத்துச் சொந்த வியாபாரம் பார்த்தார் என்ற புகாரில் 1692-இல் வேலை போனவர் அவர். அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் பேர் இருந்தால் நமக்கென்ன வந்தது?

சரி, பதவிக்கு வருவோம். 1937 தேர்தலில் சென்னை சட்டசபையின் 215 இடங்களில் 159 காங்கிரசுக்கு. ராஜாஜி உடனே பதவி ஏற்கவில்லை. வெள்ளைக்காரன் போட்ட 1935 இந்திய அரசுச் சட்டம் கவர்னருக்குக் கொடுத்த தனி அதிகாரங்களை மந்திரிசபைக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டேன் என்று முதலில் சொல்லுங்கள் என்றார், கவர்னர் எர்ஸ்கின் சொல்ல மறுத்தார். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை, பெரும்பான்மையே இல்லாத கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு பிரதமர் (அன்று முதலமைச்சருக்கு அந்தப் பேர்தான்) நாற்காலியில் இருந்தார். ஜனங்கள் ஓட்டுப் போட்டது ஒன்று, கோட்டையில் நடந்தது இன்னொன்று. 1939-இல் ராஜாஜி ராஜினாமா செய்ததும் அதே சட்டத்தின் 93-ஆம் பிரிவின்படி 1946 வரை கவர்னர் ஆட்சிதான்.

அந்த 93-ஆம் பிரிவின் வாரிசுதான் நம் அரசியல் சட்டத்தின் 356, மாநில ஆட்சியைக் கலைக்க டெல்லிக்கு அதிகாரம் கொடுக்கிற பிரிவு. சுதந்திரம் வந்தபோதே அதைத் தலைமுழுகியிருக்க வேண்டும். 1976-இல் அதை வைத்துத்தான் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். 1991-இல் கலைத்தபோது கவர்னர் பர்னாலா அறிக்கை அனுப்ப மறுத்தார், அவர் அறிக்கை இல்லாமலே காரியத்தை முடித்தார்கள். பிறகு பீகாருக்கு மாற்றினார்கள், அவர் போகாமல் ராஜினாமா செய்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் நான் மனசார மதிக்கிற ஆள் அவர். அன்று லண்டன், இன்று டெல்லி. கவர்னர் பதில் சொல்வது அங்கேதானே தவிர, ஓட்டுப் போட்ட நமக்கு இல்லை.

அப்புறம் ஒன்று. தென்காசியிலிருந்து பொதிகையில் வந்தால் எழும்பூரில்தானே இறங்குவீர்கள்? ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ஆவணக் காப்பகம். 1670 தொடங்கிக் கோட்டைக் காகிதங்கள் அங்கே இருக்கின்றன. அனுமதி வாங்கி ஒருநாள் உட்கார்ந்து படியுங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.