கேஸ் ஏற்றும் முன் கசிவைத் தேடுங்கள்

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

கோடை தொடங்கியதும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து கார் ஏசி பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. அவற்றில் நான்கை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, ஏழு ஆண்டுகளாக ஓடும் சிறிய கார் எங்களுடையது. இரண்டு கோடைகளாக ஏசியில் குளிர் குறைகிறது. பட்டறையில் ஒவ்வொரு முறையும் கேஸ் ஏற்றித் தருகிறார்கள். ஒரு மாதத்தில் பழைய கதையாகிவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை கேஸ் ஏற்றுவது வழக்கம்தானா? (வாசகர், பாலக்கோடு)

பதில்: வழக்கமாகிவிட்டது என்பது உண்மை, ஆனால் அது சரியான வழக்கம் அன்று. ஏசியில் உள்ள கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும், கேஸை அமுக்கிச் சுற்றவிடும் கம்ப்ரசரின் சீல் வழியாகவும் சில ஆண்டுகளில் சிறிதளவு குறையலாம். ஒரே மாதத்தில் குறைகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது, அதை யாரும் தேடவில்லை என்றுதான் பொருள்.

கசிவைக் கண்ணாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் ஆயிலும் சுற்றுவதால், கசியும் இடத்தில் ஆயில் பூத்து, அதன் மேல் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். நம் பகுதியில் ஜல்லி லாரிகளின் பின்னால் போகும் கார்களுக்கு, முன்புறம் இருந்து கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரில் சிறு கல் பட்டே ஊசித்துளை விழுந்துவிடுவதுண்டு. குழாய் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும் கம்ப்ரசரின் முகப்பையும் அடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேஸோடு ஆயிலும் குறைந்துகொண்டே போனால் ஒரு நாள் கம்ப்ரசரே இறுகிப்போகும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் ஓ-ரிங்கின் விலை ஒன்றுமே இல்லை.

கசிவை அடைத்த பிறகு வேக்கம் பம்ப் வைத்து அரை மணி நேரமாவது காற்றை உறிஞ்ச வேண்டும். அழுத்தம் வெகுவாகக் குறையும்போது உள்ளே தங்கிய ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். ஈரம் தங்கிவிட்டால், கேஸை விரியவிட்டுக் குளிர வைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக உறைந்து அடைக்கும். ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே உலோகத்தை அரிக்கும். கடல் மட்டத்துக்கு அருகில் 30 அங்குலத்தை (பாதரச அளவு) நெருங்கும் வேக்கம் முள், ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில் 27 அங்குலத்தை ஒட்டியே நின்றுவிடும். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதுதான் காரணம். பம்ப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். பம்பை நிறுத்திய பின் கால் மணி நேரம் முள் அசையாமல் நின்றால் பெரிய கசிவு இல்லை எனலாம். சிறு கசிவைப் பிடிக்க உலர்ந்த நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்ப்பதே நம்பகமானது. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது, ஏனெனில் அதிக அழுத்தத்தில் காற்றோடு கலந்த ஆர்-134ஏ (கார் ஏசியில் ஏற்றும் கேஸ்) தீப்பற்றக்கூடியதாக மாறுகிறது. ஆக்சிஜன் சிலிண்டர் ஆயிலோடு சேர்ந்தால் வெடித்தேவிடும்.

கேள்வி: கேஸ் கேன், ஹோஸ், கேஜ் எல்லாம் இணையத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டிலேயே நானே ஏற்றிக்கொள்ளலாமா? என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது? (வாசகர், ஊத்தங்கரை)

பதில்: வேண்டாம் என்பதே என் பதில். காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஆர்-134ஏ கேஸ் திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில், கையுறை போடாமல் ஹோஸைக் கழற்றிய பையன் ஒருவனை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சீறல் ஒரு விநாடிதான் கேட்டது. அவனுடைய இரண்டு விரல் நுனிகளும் மெழுகைப் போல வெளுத்து, தொட்டாலும் உணர்வில்லாமல் போய்விட்டன. அவன் அதைத் தேய்க்கப் போனான், தேய்க்கவே கூடாது. வெதுவெதுப்பான நீரில் விரல்களை வைத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அதே சீறல் கண்ணில் பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். கண்ணில் பட்டால் சுத்தமான நீரைக் குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து ஊற்றிக் கழுவியபின் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி அணியாமல் பட்டறைக்காரர்களே கூட ஹோஸில் கை வைக்கக் கூடாது.

அடுத்தது அழுத்தம். 35 டிகிரி வெயிலில் சும்மா இருக்கும் கேனுக்குள்ளேயே சுமார் 115 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) அழுத்தம் இருக்கும். என்ஜின் ஓடும்போது ஏசியின் உயர் அழுத்தப் பக்கம் 250 பிஎஸ்ஐ வரையிலும் ஏறலாம். அந்தப் பக்கத்தில் கேனை இணைத்துவிட்டால் கார் கேஸை வாங்கிக்கொள்ளாது, கேனுக்குள் தள்ளும். கேன் கையிலேயே வெடிக்கும். இந்தத் தவறு நடக்கக் கூடாதென்றுதான் தாழ்வழுத்த முனையை 13 மில்லிமீட்டராகவும் உயரழுத்த முனையை 16 மில்லிமீட்டராகவும் வெவ்வேறு அளவில் செய்திருக்கிறார்கள். முனை பொருந்தவில்லை என்றால், இடம் மாறிவிட்டது என்று கார் உங்களிடம் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். வேறு அடாப்டர் வாங்கிப் பொருத்தாதீர்கள். கேஸ் வேகமாக இறங்கவில்லை என்று கேனை வெந்நீரில் வைப்பதும், தலைகீழாகப் பிடித்துத் திரவமாகவே உள்ளே விடுவதும் கேடு. முன்னது கேனை வெடிக்க வைக்கும். திரவத்தை அமுக்க முடியாத கம்ப்ரசரைப் பின்னது உடைக்கும்.

இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் மூடிய ஷெட்டிலும் பட்டறைக் குழியிலும் தரையோடு தேங்கி மூச்சுத் திணற வைக்கும். அருகில் பீடியோ வெல்டிங் தீயோ இருந்தால் சிதைந்து நச்சு வாயுவாகிவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் காரில் இப்போது எவ்வளவு கேஸ் மீதம் இருக்கிறது என்று உங்களால் அறிய முடியாது. இருப்பதை மெஷினில் உறிஞ்சி எடுத்துவிட்டு, பானெட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள லேபிளில் போட்டிருக்கும் கிராம் கணக்குப்படி தராசில் நிறுத்து ஏற்றுவதே முறை. கேஜ் முள்ளை மட்டும் நம்பினால் அளவு மிஞ்சும். மிஞ்சினாலும் குளிர் குறையும். உறிஞ்சி எடுக்காமல் காற்றில் திறந்துவிடும் பட்டறைக்கும் போகாதீர்கள். இந்தக் கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் சுமார் 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது.

கேள்வி: வாடகைக் கார் ஓட்டுகிறேன். விலை மலிவு என்று சமையல் கேஸ் வகையை ஏசியில் ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நன்றாகவே குளிருமாம். ஏற்றலாமா அண்ணா? (வாசகர், காவேரிப்பட்டினம்)

பதில்: ஏற்றாதீர்கள் தம்பி. குளிரும் என்பது உண்மைதான். ஆனால் கூலிங் காயில் இருப்பது டாஷ்போர்டுக்குள், அதாவது உங்கள் பயணிகளின் முகத்துக்கு நேரே. அங்கே கசிந்தால் எரியும் கேஸ் மூடிய காருக்குள் நிறையும். ஒரு சுவிட்சின் பொறி போதும். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் அடுத்த பட்டறையில் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தெரியாமல் மெஷினை இணைப்பவரின் உயிருக்கும் அது ஆபத்து.

கேள்வி: பட்டறைக்குப் போகாமல் வீட்டிலேயே பயமின்றிச் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? (வாசகி, பென்னாகரம்)

பதில்: உண்டு, அதுவும் நிறைய உண்டு. பல கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரைக் கழற்றித் தட்டினாலே, காற்று வரவில்லை என்ற குறை பல நேரம் தீர்ந்துவிடும். மண் சாலையில் ஓடும் காருக்கு அதைச் சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும். கண்டென்சரைக் கழுவும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவியும் உங்கள் கையில் இருக்க வேண்டும்; சில கார்களில் என்ஜின் நின்ற பிறகும் முன் ஃபேன் தானாகச் சுழலும். சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், தோட்டத்துக் குழாயின் மெதுவான நீரே போதும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் தகடுகளில் வெள்ளையாகப் படியும், ஆகவே கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். மார்கழியிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓட்டினால், ஆயில் சுற்றிவந்து கம்ப்ரசர் சீல் காய்ந்துபோகாமல் இருக்கும். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் தெளிந்த நீர் சொட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. நீர் சொட்டாமல் முன் இருக்கைக் கால்விரிப்பு நனைந்திருந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. அதை மட்டும் பட்டறையில் ஊதிச் சரிசெய்யச் சொல்லுங்கள், அதற்குக் கேஸ் ஏற்ற வேண்டியதில்லை.